வளர்ப்புக் குடும்பங்களுக்கான துணைக்குழு: உள்ளே இருந்து ஒரு விமர்சனம்

வளர்ப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் ஒரு தன்னார்வக் குழுவில் நாங்கள் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் யாரென்று கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. ஆனால் இதே மாதிரிக் குழுக்கள் பல இடங்களில் இருக்கின்றன, ஏறக்குறைய ஒரே வாக்குறுதிகளைத்தான் எல்லாரும் தருகிறார்கள். அதில் எது உதவி, எது படம் காட்டுவது என்று பயன்படுத்துகிறவர்கள் சொன்னால்தான் வெளியே தெரியும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபாஸ்டர் கேரும் தத்தும் வேறு வேறு. பெற்றவர்களால் இப்போதைக்கு வளர்க்க முடியாத பிள்ளையை இன்னொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதுதான் இது. சட்டப்படி பிள்ளை எங்களுடையது ஆகிவிடாது. வீட்டுக்குத் திரும்புமா, திரும்பாதா என்று பல மாதம் யாருக்குமே தெரியாது. எங்களிடம் வந்தது அண்ணனும் தங்கையும். எங்களை அத்தை, மாமா என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அம்மா இருக்கிறார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களில், கூடப்பிறந்தவர்களைத் தக்க காரணம் இல்லாமல் பிரிக்கக் கூடாது என்றும், வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. காகிதத்தில் ஒரு வரிதான். இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்திருக்க எத்தனை பேருடைய கை தேவைப்படுகிறது என்பது வைத்துப் பார்த்தால் தெரியும்.

சரி, குழுவுக்கு வருவோம். இதன் நடுவில் ஒரு வீடு இருக்கிறது. பல வருடம் வளர்ப்புப் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பம் அது. இப்போது சுற்றியுள்ள எங்களைப் போன்ற சில வீடுகளுக்குத் துணையாக இருப்பதே அவர்கள் வேலை. அமெரிக்காவில் சியாட்டிலில் 2004-இல் ஆரம்பித்த மாக்கிங்பேர்ட் முறையின் சாயல் இது. அங்கே ஒரு மைய வீட்டைச் சுற்றி ஆறு முதல் பத்து வளர்ப்புக் குடும்பங்கள் இருக்கும், பிற்பாடு பிரிட்டனிலும் அதை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மைய வீட்டு அக்காவை இங்கே அக்கா என்றே சொல்கிறேன்.

இந்தச் சேவையில் உருப்படியான விஷயம், மாதத்தில் ஒரு வார இறுதி பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் தூங்கலாம் என்பது. பெரிதாகத் தோன்றாது. ஆனால் இரவில் அலறி எழும் பிள்ளையைத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அன்பு வற்றித்தான் போகும், வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் இதே உதவியைக் கேட்டபோது, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள். பையை எடுத்தாலே தங்கை வாசற்படியில் உட்கார்ந்து அழுவாள். அவளைப் பொறுத்தவரை பையை எடுத்தால் வீடு மாறப் போகிறது என்று அர்த்தம். அக்கா வீட்டில் ஒரே அறை, ஒரே கட்டில், அலமாரியில் பையனுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு இழுப்பறை. பெண் தன் சீப்பையும் ஒரு ஜோடிச் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள். கொண்டு வா என்றால், "இருக்கட்டும் அத்தை, அடுத்த தடவை வேணும்ல" என்கிறாள்.

முகம் மாறாமல் இருப்பதை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்கு ஆய்வுக் காரணமும் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஒரு ஆய்வில், விடுதிகளில் வளர்ந்த 136 சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் ஒரு ஆளை நம்பி ஒட்டிக்கொள்வதில் இன்னும் நன்றாக வந்தார்கள். விடுதியில் சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன. ஆளைத்தான் ஷிஃப்ட் ஷிஃப்டாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் யோசனைகளும் தனி ரகம். பையன் வந்த புதிதில் சாப்பாட்டை ஒளித்து வைப்பான். தலையணை உறைக்குள், ஷூவுக்குள், பள்ளிப் பையின் அடியில். எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் புதையல் கிடைக்கும். திட்டவும் மனசு வரவில்லை, விடவும் முடியவில்லை. அக்கா, "ஒரு டப்பா கொடுங்க. அவன் பெயர் எழுதி, கெட்டுப்போகாததா நிரப்பி, கட்டில் பக்கத்துலயே வைங்க. காலியானா கேள்வி கேக்காம நிரப்புங்க" என்றார். அப்படியே செய்தோம். முதலில் ஒரே ராத்திரியில் காலி செய்தான். அப்புறம் மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு மூடுவான். இப்போது டப்பாவில் கோலிக்குண்டும் உடைந்த பேனாக்களும் கிடக்கின்றன. பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஸ்லைடு போட்டு மணிக்கணக்கில் பேசினார்கள், இந்த டப்பாவை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வகுப்புகளைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை. நாற்காலி வசதியாக இருந்தது.

அம்மாவைச் சந்திக்கும் நாட்களுக்கு ஒரு தன்னார்வலர் வண்டியில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். ஓய்வு பெற்ற மனிதர், அதிகம் பேச மாட்டார். சந்திப்பு முடிந்து வரும் பிள்ளை அன்று என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டே வரும், ராத்திரி படுக்கையை நனைக்கும், மறுநாள் காலை ஷூ போட மாட்டேன் என்று ஒரே ரகளை. இவர் வண்டியில், "அம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஜன்னலைத் திறந்துவிடட்டுமா என்று மட்டும் கேட்பாராம். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. குழு சொல்லிக் கொடுத்தது என்றால் அதற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் தரலாம்.

பைகளையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பல நேரம் தங்கள் துணிமணிகளைக் குப்பை போடும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டுதான் வந்து சேருகிறார்கள். எங்கள் இருவரும் அப்படித்தான் வந்தார்கள். இந்தக் குழு ஜிப் வைத்த நல்ல பைகளை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறது, நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். துணி வங்கியும் இருக்கிறது. பொத்தான் போனது, கறை பிடித்தது எதையும் உள்ளே விடுவதில்லை. பழசைத் தள்ளிவிட வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் தைரியம் எல்லாக் குழுக்களுக்கும் இருப்பதில்லை.

இனி குறைகள். முதலாவது, வருடத்துக்கு ஒரு முறை நடத்தும் பரிசு விழா. மேடை, மைக், வரிசையில் பிள்ளைகள், கையில் பொட்டலம், நன்கொடை தந்தவர் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ. முகத்தை மறைத்துத்தான் வெளியிடுவோம் என்றார்கள். மறைத்தார்கள்தான், ஆனால் சட்டையை வைத்தே பையனை வகுப்பில் அடையாளம் கண்டுகொண்டார்கள். அதுவரை அவன் யார் வீட்டில் இருக்கிறான் என்பது வகுப்பில் தெரியாது. மேடையில் ஒரு அம்மணி தங்கையின் கன்னத்தைக் கிள்ளி, "உன் அம்மா ஏன்மா உன்னை வச்சுக்கல?" என்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. புகார் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் மேடை சிறிதாகியது, விழா நிற்கவில்லை. நாங்கள் இப்போது போவதில்லை.

இரண்டாவது, அவசர எண். இருபத்து நான்கு மணி நேரமும் என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறது. நள்ளிரவில் பையன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே பொருட்களை உடைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அக்காவைத்தான் எழுப்பினோம். அவர் போனிலேயே, "கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காருங்க, குரலைத் தாழ்த்திப் பேசுங்க, திறன்னு சொல்லாதீங்க" என்று கூடவே இருந்தார். பலித்தது. ஆனால் ஒரு குழுவின் இரவு முழுவதையும் ஒரே மனுஷி தலையில் கட்டுவது என்ன நியாயம்?

எங்கள் சொந்த மகனுக்கென்று எதுவுமே இல்லை என்பதும் ஒரு குறை. வீட்டில் திடீரென்று இரண்டு பேர் வந்து இவனுடைய அறையையும் அம்மாவின் நேரத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவனிடம் எப்படியிருக்கிறாய் என்று விசாரித்தது அக்கா வீட்டு மாமா ஒருவர்தான்.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்த ஒரு பிள்ளை தாயிடம் திரும்பிப் போனபோது நடந்ததுதான் என்னை ரொம்ப உறுத்தியது. பிள்ளை போன வாரமே வாட்ஸ்அப் குழுவிலிருந்து எங்களை எடுத்துவிட்டார்கள், 'இப்போதைக்குப் பிள்ளை இல்லாத குடும்பம்' என்று. அழுவதற்குக்கூட ஆளில்லாமல் போனது. அந்தத் தாய்க்கும் அதே கதிதான். துணி வங்கி வளர்ப்புக் குடும்பங்களுக்கு மட்டுமாம், பிள்ளை வீடு திரும்பியதும் அவர் தகுதியில்லாதவர் ஆகிவிட்டார். உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் மாதங்கள் அவை. இதைப் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து சண்டையே போட்டோம். இப்போது வீடு திரும்பிய பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் ஆறு மாதம் வரை எல்லாம் உண்டு என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். வண்டி ஓட்டும் பெரியவர் விதி மாறுவதற்கு முன்னாலேயே போய் வந்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நட்சத்திரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு மூன்றரை. அக்காவை எடுத்துவிட்டால் இரண்டு. சேர நினைக்கிறவர்கள் கையெழுத்துப் போடுமுன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அடுத்த மாதமும் அவரேதானா, நள்ளிரவு போனை எடுப்பது யார் என்று பெயரோடு கேளுங்கள். "எங்க டீம் பாத்துக்கும்" என்று பதில் வந்தால் வேறு குழுவை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.