மஞ்சள் டைகர் மோத்: ஹட்டனில் மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு

ஆறு நிமிடம் பறக்க நாற்பது நிமிடம் பூட்ட வேண்டும். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானமான என் டைகர் மோத் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. இலங்கை மலைநாட்டில், எங்கள் ஹட்டன் பக்கம், நாற்பது நிமிடத்தில் வானம் இரண்டு தடவை மாறிவிடும். கடைசித் திருகாணியை முடுக்கி நிமிர்ந்தால் எதிர் மலையைக் காணோம், பனிமூட்டம் இறங்கியிருக்கும். "கழட்டுவோம் மச்சான்" என்று திரும்பி வந்த சனிக்கிழமைகள் பறந்தவற்றைவிட அதிகம். இரட்டை இறக்கை விமானம் கட்ட நினைப்பவர்களிடம் நான் பேச வந்தது முக்கியமாக இதைப் பற்றித்தான்.

அசல் டைகர் மோத் 1931இல் முதன்முதலாகப் பறந்த பிரித்தானியப் பயிற்சி விமானம். அதன் இறக்கை நீளம் 8.94 மீற்றர். என்னுடையது ஏழில் ஒரு பங்கு, 128 சென்ரிமீற்றர். லேசரில் வெட்டிய பல்சா என்ற லேசான மரம், மெல்லிய ப்ளைவுட், மூன்று செல் 2200 mAh லிப்போ (லித்தியம் பொலிமர்) பெட்டரி, மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 40 அம்பியர் ஈ.எஸ்.சி, இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் நான்கு சின்ன சேர்வோ மோட்டர். எல்லாம் சேர்த்து 1.4 கிலோ.

பாகங்களும் பிளானும் அடங்கிய கிட்டை வாங்கியது 2021 கடைசியில். அடுத்த வருடம் நாட்டில் வந்த பொருளாதார நெருக்கடி எல்லோருக்கும் தெரியும். 200 ரூபா சொச்சம் இருந்த டொலர் 350ஐத் தாண்டியது, மோட்டரின் விலையைக் கேட்டு போனை வைத்துவிட்டேன். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. இறக்கையை மூடும் பிளாஸ்டிக் தாளான கவரிங் ஃபிலிமை ஒட்ட இஸ்திரிப்பெட்டி சூடாக வேண்டும், ஆனால் சூடு அளவோடு இருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் அம்மாவின் சிரட்டைக்கரிப் பெட்டியை எடுத்து இழுத்தேன். கீழ் இடது இறக்கையில் உள்ளங்கை அளவு ஓட்டை. கரிப்பெட்டியில் சட்டை தேய்க்கலாம், இந்த வேலை ஆகாது.

பசை விஷயத்தில் மலைநாட்டுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. சூப்பர் க்ளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். ஆகவே இங்கே சட்டென்று பிடித்துவிடும், கோணலாக வைத்த துண்டைத் திருத்த நேரம் தராது. வெள்ளைப் பசை நேர்மாறு, ஜூலை மாதத்தில் ஒரு இரவு முழுக்கக் காயாமல் கிடக்கும். இறக்கையின் விலாக்களுக்கு வெள்ளைப் பசையே போதும் என்பது என் முடிவு. அவசரப்பட்டு எங்கே போகப் போகிறோம்?

கிட்டில் ஒரு குறையும் இருந்தது. மேல் இறக்கையைத் தாங்கும் தூண்களில் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர் குட்டை. ஒற்றை இறக்கை விமானத்தில் இதெல்லாம் பொருட்டே இல்லை. இரண்டு இறக்கை என்றால் ஒன்றுக்கொன்று கோணம் பிசகினாலே விமானம் தன் இஷ்டத்துக்குப் போகும். பாடசாலைப் பெட்டியிலிருந்த பாகைமானியை வைத்து அளந்து, ப்ளைவுட் சீவல் செருகிச் சரிசெய்தேன்.

பாரச் சமநிலை அடுத்த தலைவலி. அசல் விமானத்தில் முன் இருக்கைக்காரர் பரசூட்டோடு வெளியே குதிக்க வசதியாக மேல் இறக்கையை முன்னால் தள்ளினார்கள். அதனால் கெட்ட சமநிலையை மீட்க இறக்கைகளைப் பின்புறமாகச் சாய்த்தார்கள். அந்தச் சாய்வு மாதிரியிலும் இருப்பதால், மேல் இறக்கையின் நடுவில் விரல் வைத்துத் தூக்கிப் பார்ப்பது பிழையான கணக்கைத் தரும். பிளானில் குறித்த இடத்தில்தான் தூக்க வேண்டும். பெட்டரியை மூக்கின் நுனிவரை தள்ளியும் போதாமல், மீன் தூண்டில் ஈயம் 90 கிராம் வைத்தேன்.

இனி அந்த நாற்பது நிமிடம். அசலில் இறக்கைகளுக்கிடையே ஓடும் கம்பிகள் பாரத்தைத் தாங்குகின்றன. கிட்டிலும் இரும்புக் கம்பி கொடுத்து, ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். குளிரில் விறைத்த விரலோடு அதைச் செய்து பாருங்கள். ஆனால் என் மாதிரியில் பாரம் ப்ளைவுட் நாக்குகளில்தான் இருக்கிறது, கம்பி அழகுக்குத்தான். இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, தையல் கடையில் வாங்கிய கறுப்பு இலாஸ்டிக் நூலைக் கட்டினேன். இரண்டு இறக்கைகளையும் தூண்களோடு சேர்த்து ஒரே கூடாக நிரந்தரமாகப் பூட்டிவிட்டேன். இப்போது நான்கு நைலோன் திருகாணி, ஒரு வயர் முனை, அவ்வளவுதான். ஐந்து நிமிடம். விழுந்தால் நைலோன் உடையும், இறக்கை தப்பும். ஒரே தொல்லை, அந்தக் கூட்டை பஸ்ஸில் கொண்டுபோவது. ஒரு தடவை கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டார். பகிடிக்குக் கேட்டாரா நிஜமாகவா தெரியவில்லை, கொடுத்துவிட்டேன்.

பறப்பைப் பற்றி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. அதனால் தரையிறங்கும் வேகம் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். உயரம் குறைவு என்பதால் ஹட்டனில் கொஞ்சம் பரவாயில்லை. மெல்லிய காற்றில் ப்ரொப்பெலருக்கும் பிடி குறைகிறது. 12க்கு 6 அங்குல ப்ரொப்பெலரைக் கழற்றி, விட்டம் கூடிய 13க்கு 6 போட்டதும் ஏறும் பலம் வந்தது, மோட்டரும் சூடாகவில்லை. தூண், நூல், இரண்டு இறக்கை எல்லாம் காற்றைத் தடுப்பதால் மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலை மூடினால் கல் மாதிரி இறங்கும். சக்கரம் புல்லைத் தொடும்வரை கால்வாசி வேகம் வைத்திருங்கள். அப்புறம், திருப்பத்தில் விமானத்தைச் சாய்க்கும் மடிப்பான எய்லரோன் கீழ் இறக்கையில் மட்டும்தான். மேலே போவது கீழே போவதைவிட இரண்டு மடங்கு இருக்கும்படி வைத்தேன், அசலிலும் கீழிறங்கும் எய்லரோன் அசைவது மிகக் குறைவு. அப்படி வைத்தும் வால் சுக்கானையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பத்தில் மூக்கு எதிர்ப்பக்கம் போகும்.

தேயிலையில் நான்கு தடவை விழுந்திருக்கிறேன். மூன்று தடவை கீறல்கூட இல்லை, கொழுந்து எடுத்து மட்டமாக நிற்கும் செடி மெத்தை மாதிரி ஏந்திக்கொள்ளும். நான்காவது, கவ்வாத்து வெட்டிய மலை. மொட்டைக் கிளைகள் ஈட்டியாக நின்று கீழ் இறக்கையில் ஐந்து விலாவைக் குத்திக் கிழித்தன. "சேர், ஒங்க பிளேன் ஏழாம் நம்பர் மலையில கெடக்கு" என்று கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் வந்து சொல்லும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பறக்க விடுவதற்கு முன் எந்த மலை கவ்வாத்து என்று கங்காணியிடம் கேட்டுக்கொள்வது இப்போது வழக்கம்.

மூன்று தென்மேல் பருவமழையில் பாழானவை: மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரின் கம்பியிலிருந்த இரும்புக் கொக்கிகள் துருவேறின, ஒரு சேர்வோவின் வயர் முனை பச்சை பூத்துச் செயலிழந்தது, இடது இறக்கை மூன்று மில்லிமீற்றர் முறுகியது. முறுகலை எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்து ஃபிலிமைச் சூடாக்கினால் நேராகும், வருடத்துக்கு ஒரு தடவை செய்கிறேன். சமையலறைப் பரணில் வைத்தால் ஈரம் ஏறாது என்று வைத்ததில் மஞ்சள் நிறம் விறகுப் புகையில் பழுப்பானது. லிப்போவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் தனியாகத் தகரப் பெட்டியில் வைக்கிறேன். பறக்கப் போகும் காலையில் அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுவேன், குளிர்ந்த பெட்டரியில் முதல் நிமிடம் பலம் இருக்காது. அசலைப் போலவே வாலுக்கு வைத்திருந்த சறுக்குக்கட்டை ஈரப் புல்லில் சிக்கியதால் சின்னச் சக்கரம் போட்டேன். அசலுக்குத் துரோகம்தான், ஆனால் வசதி.

பறக்க நல்ல காலம் எங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, காலை பத்துக்கு முன். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு ஆளில்லா விமானங்களுக்குச் சில காலம் தடை இருந்தது. அதனால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துவிட்டு, தோட்டத் துரையிடமும் பாடசாலை அதிபரிடமும் சொல்லிவிட்டே பாடசாலை மைதானத்தில் இறங்குகிறேன். கிரிக்கெட் மேட்ச் இருந்தால் எனக்கு இடமில்லை. வருகிற சனிக்கிழமையும் மேட்ச்தான்.