கோலாலம்பூருக்கு வானில் ஒரு மணி நேரம், வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு?

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சாலைவழியே சுமார் 350 கிலோமீட்டர். விமான அட்டவணையில் பயண நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். விரைவுப் பேருந்துக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பேருந்தைப் பற்றிப் பேசவே இடமில்லை. ஆயினும், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்படும்போது நான் பெரும்பாலும் பேருந்தில்தான் ஏறுகிறேன்.

கட்டணத்தில் பேருந்துதான் மலிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. முடிவைத் தீர்மானிப்பது விமானத்துக்கு வெளியே கழியும் நேரம். சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு அரை மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாகச் செல்ல வேண்டும். இறங்கிய பிறகு குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் காத்திருக்க வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையமோ கோலாலம்பூரில் இல்லை, நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சிப்பாங்கில் இருக்கிறது. அங்கிருந்து விரைவு ரயில் 28 நிமிடங்களில் நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலைச் சேர்ந்துவிடும் என்றாலும், அதற்கு 55 ரிங்கிட் தனியாகக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடுகிறது. அதிலும் தொடர்ந்தாற்போல் உட்கார்ந்து படிக்கவோ தூங்கவோ கிடைப்பது ஒரு மணி நேரம்தான். பேருந்தில் எல்லையைத் தாண்டிவிட்டால், இடையில் யோங் பெங் போன்ற ஓர் ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்துவதைத் தவிர, மூன்றரை மணி நேரம் யாரும் எழுப்புவதில்லை. இறங்கும் இடம் கோலாலம்பூரின் பண்டார் தாசேக் செலாத்தான் பேருந்து முனையமாக இருந்தால், அதை ஒட்டியே ரயில் நிலையம் உண்டு.

பேருந்தின் பலவீனம் எல்லைதான். சிங்கப்பூர்ச் சாவடியில் ஒருமுறையும், மலேசியச் சாவடியில் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு இன்னொரு முறையும் இறங்கி ஏற வேண்டும். வயதானவர்களுக்கு இது பெரும் சிரமம். ஆனால் நெரிசலுக்குத் திசையும் நேரமும் உண்டு. வார நாட்களில் காலைக் கூட்டம் எல்லையை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருவோரால் ஏற்படுவது. நாம் எதிர்த்திசையில் செல்வதால் அது நம்மைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் சிங்கப்பூரே ஜொகூருக்குக் கிளம்புகிறது. ஞாயிறு மாலையில் அந்தக் கூட்டம் அப்படியே திரும்புகிறது. ஆகவே ஞாயிறன்று திரும்ப வேண்டியிருந்தால், நான் தயங்காமல் விமானத்துக்கே பதிவு செய்வேன்.

பள்ளி விடுமுறைக் காலத்தில் நான் பேருந்தில் சென்றதில்லை. எனவே அந்த நாட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்று உறுதி கூற முடியாது. கைப்பையோடு மட்டும் சென்று அன்றே திரும்புபவருக்கும், சாங்கிக்குப் பக்கத்தில் தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வட்டாரங்களில் குடியிருப்பவருக்கும் விமானமே ஏற்றது. மற்றவர்கள் பேருந்தைத் தேர்ந்தெடுத்தால், சீட்டு வாங்கும்போது அது உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வழியாகச் செல்கிறதா, 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாகச் செல்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் துவாஸில்தான் கூட்டம் குறைவு.