ஒட்டோ (தானியங்கி) கியர்பெட்டி திருத்தக் கொடுக்கப் போகிறீர்களா? என் 285,000 ரூபா போன கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

இன்று மத்தியானம் கல்முனையில் ஒரு கராஜின் தரையில் என் காரின் கியர்பெட்டி பிரித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். சோறு இறங்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒட்டோ கார் வைத்திருப்பவர்களுக்காகவே இந்தப் பதிவு. என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கார் பழைய கொரோலா, 4 கியர் ஒட்டோ. ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று செக்கன் யோசித்துவிட்டுத்தான் பின்னால் நகரும். 'ஒட்டோ கியர் மட்டுமே எங்கள் வேலை' என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் எழுதவில்லை.

அந்த பாஸ் என்னை எப்படி விழுத்தினான் என்று இப்போது நினைத்தாலும் எரிகிறது. பால் தேநீர் தந்து உட்கார வைத்தான். பெட்டியை இறக்கிய அன்று மாலை அவனே அழைத்தான். "சேர், நேரில் வந்து பாருங்கள். பிறகு பொய் சொன்னேன் என்று நினைக்கக் கூடாது." போனேன். கறுத்துக் கரிந்த கிளச் தட்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். "இதைக் கொண்டுபோய் வீட்டில் காட்டுங்கள், சேர்." இதைவிட நேர்மையாக ஒருவன் நடக்க முடியுமா என்று நினைத்தேன். முழுவதும் புதுக் கிளச், புது சீல், ஆறு மாத உத்தரவாதம், எல்லாம் சேர்த்து 285,000 என்றான். பேரம் பேசவே கூச்சமாக இருந்தது. பற்றுச்சீட்டு கேட்கவும் கூசியது. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் தொகையை மட்டும் எழுதித் தந்தான். மனைவி அந்தத் தட்டை அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஊருக்குள் கிட்டக் கிட்ட ஓட்டியதால் ஒன்றும் தெரியவில்லை. செங்கலடியால் பதுளைக்குப் போனபோது லுணுகலை ஏற்றத்தில் தெரிந்தது. இரண்டிலிருந்து மூன்றாம் கியர் மாறும்போது எஞ்சின் மட்டும் அலறுகிறது, கார் இழுக்கவில்லை, பிறகு பின்னால் யாரோ இடித்ததுபோல் ஒரு உதை. குளிர்ந்த பெட்டியில் இல்லாத குணம், சூடேறியதும் வருகிறது. அம்மா பின் இருக்கையில் கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

திரும்பி வந்து சொன்னேன். "புதுக் கிளச் பழக வேண்டும் சேர், ஆயிரம் கிலோமீற்றர் ஓடட்டும்." ஓடினேன். "கம்பியூட்டர் பழக வேண்டும்." அதற்கும் பொறுத்தேன். (கியர் கம்பியூட்டர் புதிதாகப் பழகுவது உண்மைதான். ஆனால் வழுக்கும் கிளச்சை எந்தக் கம்பியூட்டரும் ஒட்டித் தராது.) அடுத்த முறை, நான் ஏசி போட்டு மலை ஏறியதுதான் பிழையாம். அதற்குப் பிறகு எடுபிடிப் பையன்தான் பேசினான். "பாஸ் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டார்." ஒன்பது நாளாகவா சாமான் எடுக்கிறார்? கடைசியாக நேரில் போய் நின்றபோது, தேநீர் தந்த அதே மனிதன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்கள் ஓட்டத்துக்கு எந்தப் பெட்டி தாங்கும்?" என்றான். 285,000 ரூபா வாங்கிய வாய்.

கல்முனையில் பெட்டியைப் பிரித்த மெக்கானிக் காக்கா வயதானவர், அதிகம் பேசமாட்டார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கபில நிறத்தில் கருகிய மணத்தோடு வடிந்தது. ஃபில்டர் பழையது. சொலினொயிட்டுகளும் (ஒயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வுகள்) பழையவை. கியர் ஒயிலைக் குளிர வைக்கும் கூலரைக் கழுவவே இல்லை, பழைய கிளச்சின் கரித்தூள் அதிலிருந்து திரும்பப் பெட்டிக்குள் வந்திருக்கிறது. ஒரு கட்டுத் தட்டு மட்டும் புதிது. நான் கொண்டுபோயிருந்த கரிந்த தட்டை வாங்கி, பிரித்த டிரம்மில் வைத்துப் பார்த்தார். உட்பற்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தம்பி, இது உங்கள் பெட்டியின் தட்டு இல்லை."

வேறு எந்தக் காரினதோ! எத்தனை பேரின் உள்ளங்கையில் வைத்த தட்டோ!

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. பற்றுச்சீட்டில் மாற்றிய சாமான் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன், இணைக்க என்னிடம் இருப்பது ஒரு நாட்காட்டித் தாள். கூலரைக் கழுவினார்களா, வால்வ் பொடியை (ஒயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பாகம்) பிரித்தார்களா என்று கேளுங்கள். காரை எடுக்கும் முன் அரை மணிக்கூடாவது ஓட்டிச் சூடாக்கிப் பாருங்கள், கராஜைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. பழைய தட்டைக் காட்டினால், உங்கள் பெட்டியில் உங்கள் கண்முன் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள்.

காக்கா சொன்ன புதுக் கணக்கை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. தட்டு திரும்ப அலுமாரிக்கு மேல் இருக்கிறது.