உப்புக் காற்றில் எந்தக் கூரை: தளமா, ஓடா?

பாம்பனில் என் பெரியப்பா வீட்டு நடுக்கூடத்தில் ஓர் இடத்தில் மட்டும் யாரும் பாய் விரிப்பதில்லை. மேலே கான்கிரீட் தளத்தின் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, கம்பி தெரிகிறது. குச்சியால் தட்டினால் துரு ஏடு ஏடாக உதிர்கிறது. கட்டி பதினேழு வருடம்தான் ஆகிறது.

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் செலவைக் கேட்கிறார்கள், வெக்கையைக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது உப்பை. கடற்காற்றின் உப்பு உள்ளே ஏறி, இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு வீங்கும். சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டதே இதனால்தான். நம் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

தளம்தான் வேண்டும் என்றால் சரி, ஆனால் முறையாகப் போட வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்பில் இருக்கும் துருவைத் தூண்டும் பொருள், லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே பல இடங்களில் விடை தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் லாரிக்குக் காசு ஒதுக்குங்கள். கடற்காற்று நேராகப் படும் இடத்தில் கம்பியை மூடி வெளிப்பக்கம் 45 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். கம்பியை அந்த அளவு தள்ளி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல் ஜல்லியை முட்டுக் கொடுத்தால் அது வராது. நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் உப்பை எளிதில் உள்ளே விடாது. இத்தனையும் செய்தாலும் பகல் வெயிலைத் தளம் குடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் கக்கும், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் ஓரளவு குறையும்.

ஓட்டுக்கூரையில் துருப்பிடிக்க ஆணியைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. பனைமரச் சட்டமான பனங்கை, அதன் குறுக்கே அடிக்கும் ரீப்பர் பட்டை, மேலே சீமை ஓடு, அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் ஓடு ஆறிவிடும், வெக்கை இடுக்கு வழியே வெளியேறிவிடும். வைரம் பாய்ந்த பனை தலைமுறை தாண்டும். ஆனால் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. நியாயமான கட்டுப்பாடு. அதனால் பழைய வீடு இடிக்கும் இடங்களில்தான் பனங்கை தேட வேண்டும்.

ஓட்டின் பலவீனம் காற்று. நாலு பக்கமும் சரிவு வைத்து, முகட்டிலும் இறவாரத்திலும் காரை போட்டு ஓட்டைப் பதித்தால் பெருமளவு தாங்கும். பெரும் புயலுக்கு உறுதி சொல்ல மாட்டேன். 1964 புயலில் தனுஷ்கோடி தேவாலயத்தின் கூரை போனது, பவளக்கல் சுவர் இன்றும் நிற்கிறது. அந்தக் கல்லை இனி யாரும் எடுக்கக் கூடாது. 2001 முதல் பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். அலையின் வேகத்தைத் தணித்து நம் கரையைக் காப்பதும் அதுதான்.

மாடி எடுக்கும் எண்ணமும் சோலார் போடும் திட்டமும் இருந்தால் தளம் வசதி. மாடி வேண்டாம் என்கிற குடும்பத்துக்கு நான் ஓட்டைத்தான் சொல்வேன்.

பெரியப்பாவிடமும் அதையே சொன்னேன். சுவர் ஒன்பது இஞ்ச் செங்கல், நன்றாக இருக்கிறது. தளத்தை மட்டும் இறக்கப் போகிறோம். கீழக்கரையில் இடிக்கிற ஒரு வீட்டில் பனங்கைக்கு விலை பேசியாகிவிட்டது.