சைட்டை வேகமாக்கித் தருகிறேன் என்பவர்களிடம் உஷார், 18,000 ரூபாய் போச்சு

ஃப்ரீலான்சர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளம், பேர் வேண்டாம். அதில் ‘சர்வர் ஸ்பீடு எக்ஸ்பர்ட்’ என்று இருந்த ஓர் ஆள் என்னிடம் 18,000 ரூபாய் பறித்துவிட்டான். இன்னொருவர் மாட்டக்கூடாது, அதனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் உதிரிபாகக் கடை சைட் பிஹெச்பி (PHP) மொழியில் எழுதியது, 1 ஜிபி ராம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில் (வாடகை சர்வர்), லைட்டிபிடி (lighttpd) என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. ஆர்டர் பக்கம் கொஞ்சம் மந்தம். அந்த ஆள் லாகின் வாங்கிக்கொண்டு, ஸ்கிரீன் ஷேர் போட்டு, “பாருங்க சார், ஒவ்வொரு தடவையும் உங்க கோடை பிஹெச்பி முதல்லேர்ந்து கம்பைல் பண்ணுது, நம்ம ஆக்சிலரேட்டர் போட்டா கம்பைல் ஆனதை மெமரியிலேயே வச்சுக்கும்” என்றான். சொன்ன விஷயம் சரிதான், அதனால்தான் நம்பிக்கையே வந்தது. கண்ணெதிரே பக்கம் இழுஇழுவென்று இழுத்தது, ஏதோ தட்டினான், ரீஸ்டார்ட் செய்தான், டக்கென்று திறந்தது. லைசென்ஸ் 18,000 என்றான், அப்போதே அனுப்பினேன்.

அந்த ‘ஆக்சிலரேட்டர்’ வேறொன்றுமில்லை, ஓபிகேஷ் (OPcache). 2013-இல் வந்த 5.5 வெர்ஷன் முதல் பிஹெச்பியோடேயே வருவது, காசே கிடையாது. அதைவிடக் கொடுமை, பழைய பேக்கப்பில் பிஹெச்பி.இனி (php.ini) என்ற செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தால் அது முன்பே ஆனில் இருக்கிறது! அவனே அணைத்து, மந்தமாகக் காட்டி, திரும்ப ஆன் செய்ததற்குத்தான் 18,000. உண்மையான மந்தம் டேட்டாபேஸில், அது இன்னும் அப்படியே இருக்கிறது.

போதாததற்கு, ஃபைல் மாறியிருக்கிறதா என்று ஓபிகேஷைப் பார்க்கவைக்கும் ‘வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ்’ செட்டிங்கை 0 ஆக்கிவிட்டான், அதாவது ஃபைலை மாற்றினாலும் பிஹெச்பி திரும்பிப் பார்க்காது. புதுக் கோடு ஏற்றும்போதெல்லாம் பிஹெச்பியை ரீலோட் செய்கிற கம்பெனிகளுக்கு அது சரி. நாங்கள் கான்ஃபிக் ஃபைலில் டெலிவரி கட்டணத்தை ஏற்றினோம், சைட்டில் பழைய கட்டணத்திலேயே ஆர்டர்கள் விழுந்துகொண்டிருந்தன. கேட்டால் “பிரவுசர் கேஷ் சார், கிளியர் பண்ணுங்க”. அப்புறம் “ஹோஸ்டிங்காரங்களைக் கேளுங்க”. அப்புறம் “மாச மெயின்டனன்ஸ் எடுத்தா பார்க்கலாம்”. அப்புறம் வெறும் ப்ளூ டிக். தளத்தில் புகார் செய்தால், வேலை முடிந்ததாக நீங்களே ஒப்புதல் கொடுத்துவிட்டீர்கள் என்று டிக்கெட்டை மூடுகிறார்கள், திறந்தால் மறுபடி அதே வரி. கடைசியில் ஹோஸ்டிங் சப்போர்ட்டில் இருந்த பையன்தான் அந்த செட்டிங்கை 1 ஆக்கி பிஹெச்பியை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னான், பைசா வாங்காமல்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. லாகின் கொடுக்கும் முன் பிஹெச்பி.இனி ஃபைலை காப்பி எடுங்கள். பிஹெச்பி செட்டிங்ஸையெல்லாம் காட்டும் பிஹெச்பி இன்ஃபோ (phpinfo) பக்கத்தில் ஓபிகேஷ் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆக்சிலரேட்டர் லைசென்ஸ் என்று எவனாவது ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள். 18,000 ரூபாய்ங்க, அந்த விபிஎஸ்ஸுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல் வாடகை கட்டியிருப்பேன்.