துண்டு மரப் பேனாவுக்கு எந்தப் பசை?

கடைசல் எந்திரத்தில் ஒரே மரக்கட்டையைப் பேனாவாகக் கடைபவருக்குப் பசை ஒரு பிரச்சினையே இல்லை. உள்ளே போகும் பித்தளைக் குழாயை ஒட்டினால் போதும். கருங்காலி, வெள்ளை மேப்பிள், சிவப்புப் படாக் என்று பல மரங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கடைபவர் பாடு வேறு. மெல்லிய பேனாவுக்கு 7 மி.மீ. துளை போடுகிறோம். கடைந்து முடித்தபின் குழாய்க்கு மேல் நிற்கும் மரம், ஓரங்களில் 1 மி.மீ.கூட இருக்காது. அவ்வளவு மெல்லிய மரத்தில் ஒவ்வொரு ஒட்டும் தாங்கியாக வேண்டும்.

எல்லோரும் முதலில் கைவைப்பது சூப்பர் குளூ. நானும் அப்படித்தான். காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரம் பட்டே இறுகிவிடும்; சில நொடி பிடித்திருந்தால் போதும், ஒட்டுக்கோடும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இறுகியபின் கண்ணாடி மாதிரி. இழுத்தால் தாங்கும், அடித்தால் விட்டுவிடும். துளையிடும்போது விழுவதோ அடிமேல் அடி. ஒன்பது துண்டு சேர்த்த என் கட்டை, டிரில் அடிப்பக்கம் வெளியே வரும் நேரத்தில் மூன்றாகப் பிரிந்து பறந்தது. உடைந்த இடமெல்லாம் ஒட்டு. மரம் எங்கேயும் உடையவில்லை.

மரவேலைக்கான பி.வி.ஏ. பசையின் குணம் நேர்மாறு. மரத்தின் இழையும் இழையும் பக்கவாட்டில் சேரும் இடத்தில் நன்றாக இறுக்கி ஒட்டினால், மரம் கிழியுமே தவிர ஒட்டு விடாது. குறுக்கே அறுத்த முகத்தில்தான் சிக்கல். அங்கே மரத்தின் நுண்குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன, பசையைக் குடித்துவிடுகின்றன. பேனாவில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது பாதி ஒட்டுகள் இந்த வகைதான். முதலில் ஒரு பூச்சு பூசி, சில நிமிடம் ஊறவிட்டு, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் ஓரளவு சரியாகும். கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டால் துண்டுகள் வழுக்கும். இரண்டு கல் உப்பை நொறுக்கித் தூவினால் நிற்கும். (சமையலறைப் பக்கம் போக ஒரு சாக்கு.) ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். பசையிலுள்ள தண்ணீரால் ஒட்டின் ஓரம் உப்பியிருக்கும். அவசரப்பட்டுக் கடைந்து மெருகேற்றினால், பிறகு காய்ந்து அந்த இடம் குழியும். இடையில் பித்தளை, அலுமினியத் தகடு வைப்பவர்கள் பி.வி.ஏ.வை மறந்துவிடலாம், உலோகத்தில் அது சரியாகப் பிடிக்காது.

எபாக்சி கொஞ்சம் தொல்லை பிடித்தது. பிசின், இறுக்கி என்று வரும் இரண்டு பகுதியையும் சரியான அளவில் கலக்க வேண்டும், தவறினால் ரப்பர் மாதிரி நின்றுவிடும். ஆனாலும் இந்த வேலைக்கு என் ஓட்டு அதற்கே. தண்ணீர் இல்லை, சிறு இடைவெளியையும் நிரப்பும், உப்புத்தாளால் கீறிவிட்ட உலோகத்தைக் கெட்டியாகப் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகுவதை வாங்காதீர்கள், மெதுவாக இறுகுவதே நல்லது. கிளாம்பை மட்டும் முறுக்கிவிடக் கூடாது. பசை முழுக்கப் பிதுங்கி, ஒட்டு பட்டினி கிடக்கும். சூடும் ஆகாது. காய்ந்த உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் ஒட்டு இளகும்.

கட்டையை 45 பாகையில் அறுத்து, மெல்லிய பட்டை செருகி, 90 பாகை திருப்பி மறுபடி அறுத்து, இப்படி நான்கு முறை செய்தால் பேனாவைச் சுற்றி வளையங்கள் பின்னியதுபோல் தெரியும்; இந்த முடிச்சு வேலைக்கு நிதானமான பசை கட்டாயம். பட்டையின் கனம் ரம்பம் தின்ற கனத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், துண்டுகள் நகரவும் கூடாது. நகர்ந்தால் வளையங்கள் ஒன்றையொன்று சந்திக்காது. சூப்பர் குளூ நேர்படுத்துவதற்குள் பிடித்துக்கொள்ளும்.

கருங்காலி, ஈட்டி மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை எந்தப் பசைக்கும் முன்னால் அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். படாக்கை மட்டும் தனியாகத் துடையுங்கள், மேப்பிளோடு சேர்த்துத் துடைத்தால் அதன் சிவப்பு வெள்ளை மரத்தில் இறங்கிவிடும்.

சூப்பர் குளூவை நான் தூக்கி எறியவில்லை. கடையும்போது தெரியும் மயிரிழை விரிசலுக்கும், கடைசி மெருகுக்கும் அதுதான். கட்டையை மட்டும் எபாக்சியில் சேர்த்து, அடியில் ஒரு விரற்கடை கூடுதல் நீளம் விடுகிறேன். டிரிலை அந்த மிச்சத்துக்குள்ளேயே நிறுத்தி, பிறகு அதை அறுத்துவிட்டால் துளை திறந்துவிடும். அடிப்பக்கம் பிய்வதற்கு வேலையே இல்லை.