ஃபைல் நம்பர் வேறு, ஷட்டர் கவுன்ட் வேறு: பழைய கேமரா பாடி வாங்கப் போகிறவர்களுக்கு

செகண்ட் ஹேண்டில் மிரர்லெஸ் கேமரா பாடி (லென்ஸ் இல்லாமல் கேமரா மட்டும்) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். போன டிசம்பரில் சென்னையில் ஒரு கடையில் சோனி ஏ7 த்ரீ பாடி ஒன்றை 92,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெறும் ஒன்பதாயிரம் க்ளிக் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர் ஓடிய எண்ணிக்கை, அதுதான் ஷட்டர் கவுன்ட்) ஓடியது என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அது 1,69,231 க்ளிக் ஓடிய பாடி. நாலாவது மாதம், ஒரு அரங்கேற்றத்தின் நடுவில் நின்றுபோனது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. என்னை எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதே வேலையை வேறு கடையிலும் காட்டலாம்.

நான் திருச்சியில் பரதநாட்டிய நிகழ்ச்சிகளும் சின்னக் கல்யாணங்களும் எடுக்கிறேன். ஏழு வருஷமாக சோனி ஏ6000 பாடிதான், கூட ஒரு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். மேடை வெளிச்சத்தில் அந்தப் பாடி திணறுகிறது, ஃபுல் ஃபிரேமுக்கு (பெரிய சென்சார் உள்ள பாடிக்கு) மாறியே ஆக வேண்டும் என்று சீட்டு எடுத்தேன். கையில் ஒரு லட்சம் இருந்தது. பழைய ஏ7 த்ரீயை வாங்குவதா, கடன் வாங்கியாவது அதற்கு அடுத்து வந்த ஏ7 ஃபோரைப் புதிதாக வாங்குவதா என்பதுதான் கேள்வி.

இதில் நியாயமான பதில் ஆளுக்கு ஆள் மாறும். த்ரீ 2018-இல் வந்தது, 24 மெகாபிக்சல். ஃபோரை 2021 அக்டோபரில் அறிவித்தார்கள், 33 மெகாபிக்சல். வீடியோ ஆர்டர் எடுக்கிறவர் என்றால் ஃபோர்தான்: 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் போகலாம், நிறத்தை அப்புறம் திருத்த 10 பிட் இருக்கிறது. த்ரீயில் 4கே 30 ஃபிரேமோடு நிற்கும், அதுவும் 8 பிட். ஃபோரின் ஸ்கிரீன் பக்கவாட்டில் திறந்து முழுக்கத் திரும்பும், த்ரீயில் மேலும் கீழும் சாய்வதோடு சரி. ஸ்டில்ஸ் மட்டும் எடுப்பவருக்கு த்ரீ இன்றைக்கும் நல்ல பாடி. இரண்டுக்கும் பேட்டரிகூட ஒன்றே. இவ்வளவு நடந்த பிறகும் அந்த மாடலை நான் குறை சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் ஐம்பது வயது இருக்கும், ரொம்பத் தன்மையாகப் பேசினார். “தம்பி, நான் சொல்லி நீங்க வாங்க வேணாம். ரெண்டையும் எடுத்துப் பாருங்க, கண்ணே சொல்லிடும்” என்றார். இதைவிட நேர்மையாக ஒருவர் பேச முடியுமா என்று நினைத்தேன். என் கார்டைக் கொடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கினார். என் பையில் இருந்த 85 எம்எம் லென்ஸைப் பழைய த்ரீயில் மாட்டினார். டெமோ ஃபோரில் ஏற்கெனவே 28-70 கிட் லென்ஸ் (பாடியோடு சேர்த்து விற்கும் சாதாரண லென்ஸ்) மாட்டியிருந்தது. கடையின் உள் மூலையில் விளக்கு குறைவான இடத்தில் கடைப் பையனை நிற்க வைத்து, இரண்டிலும் நாலு நாலு படம் எடுக்கச் சொன்னார்.

பிறகு கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நூறு சதவீதம் பெரிதாக்கினார். த்ரீயில் பையனின் முகம் வழுவழுவென்று இருந்தது. ஃபோரில் கன்னம் முழுக்க மணல் தூவிய மாதிரி நாய்ஸ். “பார்த்தீங்களா? மெகாபிக்சல் ஏத்த ஏத்த இருட்டுல இதுதான் கதி. மேடைக்கு த்ரீதான் தம்பி” என்றார். என் கண்ணால் பார்த்தேன், என் கையால் எடுத்தேன், என் கார்டில் இருந்தது. நம்பாமல் எப்படி இருப்பேன்?

அதில் இருந்த இரண்டு தில்லுமுல்லும் அப்புறம்தான் புரிந்தது. முதலாவது லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறந்து கூடுதல் வெளிச்சம் விடும். என் லென்ஸ் எஃப் 1.8-இல் திறந்திருந்தது. கிட் லென்ஸ் 70 எம்எம்-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. இரண்டுக்கும் நடுவே சுமார் பத்து மடங்கு வெளிச்ச வித்தியாசம். ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் ஏற்றும் அளவு, ஏற ஏற நாய்ஸும் கூடும்) ஆட்டோவில் இருந்ததால் த்ரீ 640-இல் எடுத்தது, ஃபோர் 6400-இல் எடுத்தது. நான் ஒப்பிட்டது இரண்டு கேமராக்களை அல்ல, இரண்டு லென்ஸ்களை. இரண்டாவது அந்த நூறு சதவீதம். த்ரீயின் படம் 6000 பிக்சல் அகலம், ஃபோரின் படம் 7008. நூறு சதவீதத்தில் பார்த்தால் ஃபோரின் படம் அதிகம் பெரிதாகி, நாய்ஸும் கூடுதலாகத் தெரியும். இரண்டையும் ஒரே அகலத்துக்குச் சுருக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவரின் ஃபோரில் என் லென்ஸை மாட்டி, ஒரே ஐஎஸ்ஓ வைத்து எடுத்துப் பார்த்தேன். 6000 பிக்சலுக்குச் சுருக்கிய பிறகு எது எந்தப் படம் என்று பெயரைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை.

அடுத்தது க்ளிக் கணக்கு. எத்தனை ஓடியிருக்கிறது என்று கேட்டேன். ஸ்கிரீனில் படத்தை ஓட்டி, ஃபைல் பெயரைக் காட்டினார்: டிஎஸ்சி09214. “இதோ, 9,214. ஒரு டாக்டர் வெச்சிருந்தது, வீட்டு ஃபங்ஷனோட சரி” என்றார். பாடியும் பளபளவென்று இருந்தது. கைப்பிடி ரப்பர் புதிது. புது ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைல் நம்பர் 9999 வரை போகும், அதற்கு அப்புறம் மறுபடி 0001. அதை மெனுவில் ரீசெட்டும் செய்யலாம். ஓடிய கணக்கைப் படத்தின் பெயரில் தேடக் கூடாது, ஃபைலுக்கு உள்ளே எழுதியிருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் அந்த ஜேபெக் ஃபைலைத் திறந்தால் ஷட்டர் கவுன்ட் என்று ஒரு வரி வரும். கடையில் எடுத்த அதே படத்தில் அந்த வரி 1,69,231 என்று இருந்தது. எண் பதினாறு முறை சுற்றி வந்து, பதினேழாவது சுற்றில் 9214-இல் நின்றிருக்கிறது. த்ரீயின் ஷட்டர் சுமார் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. அதற்கு முன்னாலும் போகலாம், அதைத் தாண்டியும் ஓடலாம். ஆக, முக்கால்வாசிக்கு மேல் ஆயுள் முடிந்த ஒன்றைப் புதிது மாதிரி என் தலையில் கட்டினார்கள். அந்தப் படம் முதல் நாளிலிருந்தே என் கார்டில்தான் இருந்தது. பார்க்க வேண்டும் என்று தெரியாததால் நாலு மாதம் பார்க்கவில்லை.

ஏப்ரலில் அந்த அரங்கேற்றம். எல்இடி விளக்கில் சைலன்ட் ஷட்டர் (தகடு அசையாமல் சத்தமின்றி எடுக்கும் முறை) வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், அதனால் மெக்கானிக்கல் ஷட்டரில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். வர்ணம் முடிந்தது, பதங்கள் முடிந்தன. தில்லானா தொடங்கி இரண்டாவது நிமிஷம், வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘கரக்’ என்று ஒரு சத்தம். ஸ்கிரீனில் ‘கேமரா எரர்’, ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லி ஒரு வரி. செய்தேன், மறுபடி அதே. இருட்டில் லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு ஷட்டர் தகடு ஒன்று மடங்கி, சென்சாருக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. பையிலிருந்து ஏ6000-ஐ எடுத்து லென்ஸை மாற்றி மாட்டுவதற்குள் தில்லானாவின் பாதி போய்விட்டது. அந்தப் பெண் எட்டு வருஷம் கற்றுக்கொண்டு ஏறிய மேடை. கடைசித் தீர்மானத்தில் அவள் எழும்பிய இடம் என்னிடம் இல்லை. அவளுடைய அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, “பரவால்ல தம்பி” என்றார். அது இன்னும் எனக்குத் தாங்கவில்லை.

சர்வீஸில் ஷட்டரை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள், இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். கவுன்ட் என்ன என்று அங்கேதான் முதலில் சொன்னார்கள். கடைக்குப் போன் செய்தேன். “செகண்ட் ஹேண்டுக்கு ஏது தம்பி கேரண்டி” என்றார் அதே மனிதர். எனக்குக் கொடுத்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. பாடியின் சீரியல் நம்பரும் அதில் இல்லை. பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லித் தவிர்த்திருந்தார், நானும் சரி என்று விட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

ஆனால் என்னிடம் மூன்று இருந்தன: யுபிஐ-யில் பணம் போன பதிவு, வாங்குவதற்கு முந்தைய நாள் ‘9,000 க்ளிக் மட்டுமே’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கடையில் எடுத்த படத்தின் ஃபைல். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடை பதில் சொல்லவில்லை. அப்புறம் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் இல்லை’ என்று கடைத் தரப்பில் சொன்னார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. இதைச் சொல்லி யாராவது மிரட்டினால் பின்வாங்காதீர்கள்.

கடையில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது லென்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும், அதையே இரண்டு பாடியிலும் மாற்றி மாட்டுங்கள். ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் மூன்றையும் நீங்களே கையால் வையுங்கள். எஃப் 16-இல் வானத்தை ஒன்று எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி தெரியும். ஷட்டர் வேகத்தை 1/8000 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறதா பாருங்கள், ஷட்டர் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கே காட்டிக்கொடுக்கும். ரிசப்ஷனில் லேசர் விளக்கு பட்ட பாடிகளும் விற்பனைக்கு வருகின்றன. லென்ஸை மூடி ஐஎஸ்ஓ-வை ஏற்றி ஒரு படம் எடுத்தால், எரிந்த இடம் கோடாகவோ புள்ளியாகவோ நிற்கும். பிறகு கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அன்றைக்கே வாங்கினால்தான் இந்த விலை என்று சொன்னாலும் வந்துவிடுங்கள்.

எக்ஸிஃப்டூல் பயன்படுத்தத் தெரியாதவர்கள், வாங்க நினைக்கும் பாடியில் எடுத்த ஒரு ஜேபெக் ஃபைலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தகவல் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.